டிவியில் பழைய தமிழ்ப் படம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பார்க்கும் இருபது வயதுக்காரர்கள் இப்போது நிறையவே கண்ணில் படுகிறார்கள். மதியம் ஏதோ ஒரு சேனலில் ஓடிய படத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எனக்கு அதில் அத்தனை சந்தோஷம். ஆனால் ஆரம்பத்தில் எனக்குக் கால் இடறிய அதே இடங்களில்தான் அவர்களுக்கும் இடறுகிறது. பாட்டு வந்தால் ஓட்டிவிடாதீர்கள், போனை நோண்டிக்கொண்டு படம் பார்க்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

திரை நிறைந்திருந்தால் படம் முழுசாக வருகிறது என்று நம்புவது

மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு இன்றும் கோபம் வரவழைப்பது இதுதான்.

என் அக்கா மகன் கல்லூரியில் சினிமா படிக்கிறான். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) டிவியில் வந்ததைப் பார்த்துவிட்டு, “மாமா, அந்தக் காலத்துல ஃப்ரேம் வைக்கவே தெரியல. ஆடுறவங்க காலையே காட்டல, சில ஷாட்ல தலையும் பாதிதான் இருக்கு” என்றான். பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடுகிற நடனத்தைப் பற்றி இப்படி ஒரு பேச்சு!

அந்தக் காலை வெட்டியது கேமராமேன் இல்லை, படத்தை ஒளிபரப்பியவர்கள். அன்றைய 35 மி.மீ. படங்களின் சட்டகம் ஏறத்தாழ சதுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். உயரம் 1 என்றால் அகலம் 1.37. இப்போது வீட்டில் இருக்கும் டிவியோ 16:9, அதாவது அகலம் 1.78. பழைய படத்தை அதில் ஒழுங்காகப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். பட்டை தெரிந்தால் பார்ப்பவர்கள் சேனல் மாற்றிவிடுவார்கள் என்று பயந்து, படத்தைப் பெரிதாக்கி அகலத்தை நிரப்புகிறார்கள். அப்போது மேலும் கீழுமாகக் கிட்டத்தட்ட கால் பங்கு படம் போய்விடுகிறது. ஆடுபவர்களின் முழு உருவமும் தெரியும்படி வைத்த ஷாட்டில் அந்தக் கால் பங்கில் என்ன இருக்கும்? பாதம் இருக்கும், கொண்டை இருக்கும். நடனத்தில் அவை போன பிறகு பார்க்க என்ன மிச்சம்?

அதே நடனத்தை என்னிடம் இருந்த பழைய பிரதியில் போட்டுக் காட்டினேன். தலையில் இருந்து சலங்கை வரை எல்லாம் இருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை, திரும்பப் போடச் சொன்னான். ஆனால் அதற்குள், அந்தக் காலத்துச் சட்டக அமைப்பு எவ்வளவு மோசம் என்று கல்லூரிக்கு ஒரு கட்டுரையே எழுதிக் கொடுத்திருந்தான். இப்படி எத்தனை பேர், பார்க்காத ஒரு படத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்களோ!

இன்னொரு விதம், வெட்டாமல் பக்கவாட்டில் இழுப்பது. இதில் எதுவும் காணாமல் போகாது, ஆனால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். ‘சந்திரலேகா’ (1948) முரசு நடனத்தில் முரசின் வட்டம் முட்டை வடிவத்தில் தெரிந்தால் இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நிலா, தட்டு, வண்டிச் சக்கரம் என்று வட்டமான எதையாவது பார்த்துச் சோதியுங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973ல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தைய தமிழ்ப் படம் உங்கள் அகல டிவியை ஓரம் வரை நிரப்பினால் சந்தேகப்படுங்கள். முதலில் ரிமோட்டை எடுத்து, படத்தின் அளவு ‘வைட்’, ‘ஜூம்’ என்று இருந்தால் 4:3க்கு மாற்றுங்கள். இழுத்த படம் அதில் சரியாகிவிடும். சேனலே வெட்டி அனுப்பினால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, வேறு பிரதிதான் தேட வேண்டும். ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் புள்ளி புள்ளியாகப் படம் பார்த்த தலைமுறைக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பெட்டியின் திரையே 4:3 என்பதால் சட்டகம் ஏறக்குறைய முழுசாக வந்தது.

சினிமாஸ்கோப் படங்களுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. பழைய பெட்டியில் பக்கவாட்டில் நிற்பவர்கள் காணாமல் போனார்கள். அதையும் ஒருநாள் விரிவாகப் பேச வேண்டும்.

ஓடிய நேரத்தை வைத்து ‘வெட்டிவிட்டார்கள்’ என்பது, அல்லது ‘முழுப்படம்’ என்பது

தியேட்டரில் பிலிம் நொடிக்கு 24 பிரேம் ஓடும். நம் ஊர் டிவிக்கு 25. பிலிமை அந்த டிவி வேகத்திலேயே ஓட்டி அனுப்பினால், 150 நிமிடப் படம் ஒரு காட்சிகூடப் போகாமல் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். கூடவே சுருதியும் கால் கட்டைக்கு மேல் ஏறும். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தை இசைத்தட்டில் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த வித்தியாசம் காதில் உறுத்தும்.

உண்மையில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று அறிய இரண்டு வழி உண்டு. படம் தொடங்கும்போது வரும் தணிக்கைச் சான்றிதழில் நீளம் போட்டிருப்பார்கள். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும் என்பதால் 15,000 அடிப் படம் சுமார் 167 நிமிடம், டிவி வேகத்தில் 160. விளம்பரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். இன்னொரு வழி பாட்டுப் புத்தகம். பழைய புத்தகக் கடைகளில் இன்னும் அகப்படுகிறது. அதில் இருக்கும் பாட்டு டிவியில் வரவில்லை என்றால் பெரும்பாலும் நேரத்துக்காகத் தூக்கியிருப்பார்கள், முக்கியமாக நகைச்சுவை ஜோடியின் பாட்டை.

‘விவிட்’ வெளிச்சத்தில் பார்ப்பது

புது டிவி பெட்டியில் இருந்து வரும்போதே ‘விவிட்’ என்ற, கண்ணைப் பறிக்கிற வெளிச்ச அமைப்பில்தான் வரும். ‘அந்த நாள்’ (1954) ஒரு பாட்டுகூட இல்லாத படம். எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் நிழலை வைத்தே பாதிக் கதையைச் சொல்லியிருக்கிறார். விவிட்டில் அந்த நிழல் சாம்பலாக வெளுத்துவிடும். ‘சினிமா’ அமைப்புக்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எந்தப் படமும் மெகா சீரியல் மாதிரிதான் தெரியும்.

கலர் பூசிய பிரதியில் தொடங்குவது

வேண்டாம்.

டைட்டில் ஓடும்போது எழுந்து போவது

ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, ஸ்டூடியோ, லேப் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. உட்காருங்கள்.

ஒரே பெயரில் வந்த படங்களைக் குழப்புவது

‘உத்தம புத்திரன்’ 1940லும் உண்டு, 1958லும் உண்டு. இரண்டிலும் இரட்டை வேடம், முதலாவதில் பி.யு. சின்னப்பா, அடுத்ததில் சிவாஜி. எதைப் பற்றி எழுதினாலும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.