நந்தியாவட்டையில் பச்சைப் புழுவா? விட்டிலாகும் வரை வளர்க்கும் முறை

நந்தியாவட்டையின் நுனி இலைகள் ஓரிரவில் காணாமல் போயிருந்தால், மருந்தைத் தேடாமல் செடியடியைப் பாருங்கள். மிளகைவிடப் பெரிய, வரிவரியான எச்சங்கள் கிடந்தால் அதற்கு நேர் மேலே புழு இருக்கும்.

தலைக்குச் சற்றுப் பின்னால் கண்களைப் போல இரண்டு நீலப் புள்ளிகள், வாலில் குட்டையான மஞ்சள் கொம்பு. சீண்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்தப் பொய்க் கண்களால் முறைக்கும். கொம்பு கொட்டாது. 1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் விவரித்த டாப்னிஸ் நீரி என்னும் விட்டிலின் (அந்துப்பூச்சியின்) புழு இதுதான்.

புழுவைக் கிளையோடு நறுக்கி, வாயகன்ற பிளாஸ்டிக் வாளியில் விட்டுக் கொசுவலைத் துணியால் மூடுங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டவே வேண்டாம். உள்ளே வியர்த்து எச்சத்தில் பூஞ்சை பிடிக்கும். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதன் இலையையே தினமும் புதிதாகக் கொடுங்கள். அரளியானால் பாலில் நஞ்சு உண்டு, கையைக் கழுவுங்கள்.

நான் சறுக்கியது அடுத்த கட்டத்தில். கொழுத்த பச்சைப் புழு ஒரு காலையில் பழுப்பாகிவிட்டது. இலையைத் தொடாமல் வாளியைச் சுற்றிச் சுற்றி ஓடியது. நோய் என்று முடிவுகட்டி மதிலுக்கு வெளியே எறிந்துவிட்டேன். உண்மையில் அது கூட்டுப்புழுவாக இடம் தேடியிருக்கிறது! நிறம் மாறியதும் வாளியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு மண்ணும் காய்ந்த சருகும் போடுங்கள். சருகுகளை நூலால் இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே அடங்கிவிடும். கிளறிப் பார்க்காதீர்கள். அடுத்து வளர்த்த புழுவில் எனக்கு 12ஆம் நாள் விட்டில் வந்தது.

பிற்சேர்க்கை: இறக்கை சுருங்கியே நின்றுவிட்டதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்து வைக்கச் சொல்ல மறந்தது என் தவறு. அதில் ஏறித் தொங்கினால்தான் இறக்கை விரியும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் கால் வழுக்கும்.

விரிந்தால் உள்ளங்கை அகலம். பாசிப் பச்சை, அதனூடே வெள்ளையும் இளஞ்சிவப்புமாக அலைகள். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் நிரந்தரமாக வாழ்வது, கோடையில் ஐரோப்பாவரை வலசை போகிறது. அந்த உடற்கட்டைப் பார்த்தால் நம்பலாம்.

பகலில் திறந்துவிட்டால் காக்கைக்குத்தான். இருட்டிய பிறகு துணியை விலக்குங்கள். உடனே பறக்காது, உடலைச் சூடேற்றிக்கொள்ள இறக்கையை நடுக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். தொடாமல் காத்திருங்கள்.