ஒருசந்தி இருக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறப்போகிற பெரியவர்களுக்குக் கோலாலம்பூரில் சில வருடங்களாக மறைக்கல்வி எடுக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் போதும், ஒருசந்தி என்னும் கத்தோலிக்க நோன்பில் நான் செய்த அதே கிறுக்குத்தனங்களை வரிசையாகச் செய்கிறார்கள். மறந்துபோய்க் காலையில் வடையைக் கடித்துவிட்டேன் என்பதெல்லாம் இங்கே கணக்கில் இல்லை. மீதி வடையை வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

தண்ணீரும் குடிக்காமல் கிடப்பது

2026இல் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் ரமலான் தொடக்கமும் ஒரே வாரத்தில் வந்தன. மலாய் நண்பர்களைப் பார்த்து நம்மில் சிலர் தண்ணீரையும் விட்டார்கள். அவர்கள் முறை வேறு. நம் ஒருசந்திக்கு ஒரு முழுச் சாப்பாடு, சேர்த்தாலும் அந்த அளவை எட்டாத இரண்டு சிறு உணவு. கட்டாயம் என்பது திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள்தான். அதுவும் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு. தண்ணீர் குடியுங்கள்.

முகநூலில் அறிவிப்பது

நோன்பு இருக்கும்போது பிறர் பார்க்கவென்று முகவாட்டம் காட்டாதீர்கள் என்கிறார் இயேசு. மத்தேயு 6:16.

இறைச்சிக்குப் பதில் விருந்து

இறைச்சியைத் தவிர்க்கும் சுத்தபோசனத்தில் மீனுக்குத் தடையில்லை. அதற்காக வெள்ளிக்கிழமை மீன்தலைக் கறிக்குப் பிரிக்பீல்ட்ஸில் வரிசை பிடிப்பதை என்னவென்று சொல்ல?

பசியை அடுத்தவர் தலையில் இறக்குவது

போன வாரம் வகுப்பில் ஒரு தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், நான் ஒருசந்தி இருந்தா வீட்ல எல்லாரும் பயப்படுறாங்க." மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். அப்போது செந்தூலில் சின்னதாகச் சமையல் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தேன். திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளி. காலையிலிருந்து சீனி போடாத தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) மட்டும். மூன்று மணிக்கு, கூட வேலை செய்த அக்கா சாம்பார் அண்டாவை இறக்கும்போது கை வழுக்கிப் பாதி தரையில் போனது. "பட்டினி கிடக்கிறவனை ஏன் சோதிக்கிறீங்க?" என்று கத்தினேன், ஆர்டர் எடுக்க வந்தவர்கள் முன்னால். அவர் ஒன்றும் பேசாமல் துணியை எடுத்துத் துடைத்தார். வேலை நெருக்கடியில் அவரும் மதியம் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் பசிக்கு யாரும் நோன்பு என்று பெயர் வைக்கவில்லை. அன்று சம்பள நாள் வேறு. "திங்கக்கிழமை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டேன்.

அந்த வெள்ளியின் திருப்பலியில் (பூசையில்) முதல் வாசகம் விவிலியத்தின் எசாயா நூல், 58ஆம் அதிகாரம். ஆண்டுதோறும் அன்றைக்கு அதுதான். நோன்பு நாளிலும் உங்கள் ஆதாயத்தைத்தானே தேடுகிறீர்கள், வேலையாட்களை ஒடுக்குகிறீர்களே என்று கடவுள் கேட்கிற இடம். பசித்தவனோடு உணவைப் பகிர்வதே தாம் விரும்பும் நோன்பு என்கிறார். நான் மூன்றாவது பெஞ்சில், காலி வயிற்றோடு, ரொம்பப் பக்தியாக உட்கார்ந்திருந்தேன்.

திங்கள்கிழமை அவர் வரவில்லை. ஒன்பது வருடப் பழக்கம். சம்பளத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். வாங்கிக்கொண்டார், தண்ணீர்கூடக் கொடுத்தார். வேலைக்கு மட்டும் திரும்பவில்லை.

அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். நோன்போடு செபமும் தர்மமும் சேர்த்துச் சொல்லப்படுவது ஏன் என்று அவரே கேட்டார். நான் இப்போது செய்வதைச் சொன்னேன்: ஒருசந்தி நாளில் முதலில் வேலையாட்கள் சம்பளம், அப்புறம் அவர்கள் சாப்பாடு. நான் சாப்பிடாத மதியச் சோற்றின் பத்து ரிங்கிட் உண்டியலில். அதற்குப் பிறகுதான் என் தே ஓ.