ஹோம் ரன் டெர்பி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் சீசன் ஜூலை நடுவில் சில நாள் ஓய்வெடுக்கும். வழக்கமாகத் திங்கள் இரவு ஹோம் ரன் டெர்பி, மறுநாள் நட்சத்திர வீரர்கள் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டம். ஹோம் ரன் என்றால், நம் சிக்ஸர் போல, அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போவது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம். ஆல்ஸ்டார் 1933இல் சிகாகோவில் தொடங்கியது; மேஜர் லீகின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீகும் நேஷனல் லீகும் மோதும். 1985இல் வந்த டெர்பியோ, யார் அதிக ஹோம் ரன் அடிக்கிறார் என்று பார்க்கும் தனிநபர் போட்டி. அதில் எத்தனை அடித்தாலும் சீசன் கணக்கில் ஏறாது.

டெர்பியில் பந்து போடுபவரை எதிரணிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அடிப்பவரே தனக்குத் தோதான ஆளை அழைத்து வருவார். 2025இல் கால் ராலே என்ற வீரர் வென்றபோது பந்து போட்டது அப்பா, பின்னால் பிடித்தது தம்பி.

அடுத்தது, மொத்தக் கணக்கை வைத்து வெற்றியாளரை முடிவு செய்வது. 2008இல் பழைய யாங்கி ஸ்டேடியத்தில் ஜோஷ் ஹாமில்டன் முதல் சுற்றிலேயே 28 அடித்தார். அவருக்குப் பந்து போட்டவருக்கு வயது 71! அரங்கமே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. ஆனால் இறுதிச் சுற்றில் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஜஸ்டின் மோர்னோ 5, களைத்துப்போன ஹாமில்டன் 3. மொத்தத்தில் 35க்கு 22 என்று முன்னால் இருந்தவர் தோற்றார். 2019இல் விளாடிமிர் குரேரோ ஜூனியர் 91 அடித்தும் கோப்பை பீட் அலோன்சோவுக்கே போனது.

பழைய விதியோடு உட்காராதீர்கள். அன்று 10 அவுட் ஆனால் சுற்று முடியும்; மட்டை வீசியும் ஹோம் ரன் ஆகாவிட்டால் அது ஓர் அவுட். 2015இல் கடிகாரம் வந்தது, அதாவது சுற்றுக்கு நேர வரம்பு. 2024இல் பந்துகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்.

டெர்பியில் ஆடினால் சீசனின் மறுபாதியில் ஆட்டம் சரியும் என்கிற 'டெர்பி சாபம்' பற்றியும் நிறையக் கேள்விப்படுவீர்கள். 2005இல் வென்ற பாபி அப்ரேயு, இடைவேளைக்கு முன் 18 ஹோம் ரன் அடித்தவர், பிறகு 6தான் அடித்தார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. முதல் பாதியில் அபார ஃபார்மில் இருப்பவரைத்தான் டெர்பிக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த வேகம் கடைசிவரை தாங்காதது இயல்பு. தாங்கினவர்களும் உண்டு: இடைவேளையில் 38 ஹோம் ரன்னோடு இருந்த ராலே சீசனை 60இல் முடித்தார்.

ஆல்ஸ்டார் பற்றியும் ஒன்று. சீசன் முடிவில் இரு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரின் சொந்த மைதானச் சலுகை அதில் ஜெயிக்கும் லீகுக்கு என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். 2002இல் 7-7 சமனாக முடிந்து ரசிகர்கள் கொதித்த பிறகு வந்த ஏற்பாடு அது, 2016ஓடு போய்விட்டது. இப்போது சமன் ஆனால், நம் சூப்பர் ஓவர் போல, லீகுக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று முறை மட்டை வீசி ஹோம் ரன் அடிக்கப் பார்ப்பார்கள். 2025இல் அட்லாண்டாவில் 6-6 ஆனபோது கைல் ஷ்வார்பர் மூன்றையும் வேலிக்கு வெளியே அனுப்பினார். நேஷனல் லீக் 4-3 என வென்றது. அதற்கு முந்தைய முறையான ஆட்டத்தில் ஒரு ஹிட்கூட (அடித்து பேஸை எட்டுவது) இல்லாத அவருக்கே ஆட்டநாயகன் விருதும் போனது.