ஒற்று இல்லாத தேடுசொல்

'செம்பருத்தியில் மாவுப்பூச்சிக் கட்டுப்பாடு' என்று நான் எழுதிய கட்டுரையைத் தேடி ஒருவரும் வரவில்லை. மக்கள் எந்தச் சொல்லால் தேடுகிறார்கள் என்று பார்க்கப் போனால், தேடல் போக்கைக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ் போதிய தரவு இல்லை என்றது. இலவசம் என்று அழைத்த ஒரு தேடுசொல் கருவி மூன்றாவது தேடலிலேயே பணம் கேட்டது. நான்கு நாள் வீண்.

பிறகு கூகுள் தேடல் பெட்டியில் 'செம்பருத்தி' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு க, ச, ப, வ என ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பார்த்தேன். மறைநிலைச் சாளரத்தில்தான், இல்லாவிட்டால் நம் பழைய தேடல்களே தலைநீட்டும். 'வ' போட்டதும் வந்தது: 'செம்பருத்தி வெள்ளை பூச்சி'. மாவும் இல்லை, ஒற்றும் இல்லை! கர்சரைச் சொல்லுக்கு முன்னால் நகர்த்தினால் வேறு பரிந்துரைகளும் வருகின்றன.

தலைப்பில் அதை அப்படியே வைத்தேன். உள்ளே மட்டும் ஒற்றோடு எழுதினேன், மனம் கேட்கவில்லை. மூன்று வாரத்தில், கூகுள் தேடலிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் சர்ச் கன்சோலில் 11 கிளிக்குகள்.