டிராக்கில் கார் பழுதானால் செய்யக்கூடாதவை

பெங்களூரில் இருக்கும் நம்மவர்கள் பலர், அன்றாடம் அலுவலகத்துக்குப் போகும் காரிலேயே கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டிச்சென்று, சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதை விரட்டிவிட்டு, அதிலேயே வீடு திரும்புகிறார்கள். பழுது யாருக்கும் வரலாம். ஆனால் பெரும் சேதம், அறிகுறி தெரிந்த பிறகும் ஓட்டுவதால்தான் வருகிறது.

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். தொடர்ந்து வேகமாக ஓட்டும்போது பெடல் மெத்தென்று உள்ளே போனால், பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக் குமிழிகள் உண்டாகியிருக்க வாய்ப்பு அதிகம். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயிலுக்கோ அது 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். அரை மணி நேரம் பிட்டில் (டிராக் ஓரம் கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) நிறுத்தினால் பெடல் பழையபடி இறுகிவிடுவதால், சரியாகிவிட்டது என்று நம்பி மறுபடியும் இறங்குகிறார்கள். இதைவிட ஆபத்தான தவறு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆயில் மாறவில்லை, மீண்டும் சூடேறியதும் அதே வளைவில் அதே பெடல் தரைவரை போகும். பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதியதை ஊற்றி, நான்கு சக்கரங்களின் பிரேக் குழாய்களிலும் சிக்கிய காற்றை எடுத்த பிறகே இறங்க வேண்டும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் டிஸ்கை உரசி நிறுத்தும் பிரேக் பேடுகளைச் சந்தேகிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடை தேடி அலையாமல், புறப்படும் முன்பே பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் பேடும், பிரிக்காத ஆயில் டப்பாவும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சூடான பிரேக்குடன் வந்து நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.

நீண்ட வளைவில் இன்ஜின் ஆயில் விளக்கு ஒரு நொடி மின்னி அணைந்தால், அதை வயரிங் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கலாம். பிட்டுக்கு வந்து அளவைப் பாருங்கள். விளக்கு அணையாமல் எரிந்தால் பிட்வரை ஓட்டிவரும் ஆசையை விட்டு, ஓரமாக ஒதுங்கி உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்ட கணத்தில் கூலண்ட் கொதித்து முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

ஆயில் ஒழுகும் காரைப் பந்தயப் பாதையிலேயே மெதுவாக உருட்டி வருவது பின்னால் வருபவர்களின் உயிருக்கு ஆபத்து. ஆரஞ்சு வட்டமுள்ள கறுப்புக் கொடியை உங்கள் கார் எண்ணுடன் டிராக் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷல் காட்டினால், உங்கள் காரில் பழுது என்று பொருள். வாதிடாமல் பிட்டுக்குத் திரும்புங்கள்.

வழக்கமான மோட்டார் காப்பீட்டில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு கிடையாது என்பதால் செலவு முழுவதும் நம் தலையில்தான். அதற்காக, திங்கட்கிழமை அலுவலகம் இருக்கிறதென்று, பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ தற்காலிகச் சரிக்கட்டலுடன் இரவில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். காரை ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றிவிட்டு, நீங்கள் பேருந்தில் வாருங்கள்.