ஓங்கோர் பார்க்கப் போகிறீர்களா? தேதியை இறுக்கிப் பிடிக்காதீர்கள்

திபெத்தின் அறுவடைத் திருவிழாவான ஓங்கோருக்குக் காலண்டர் தேதி கிடையாது. பார்லி எப்போது முற்றுகிறதோ, அதற்குச் சற்று முன்பு ஊர்க்காரர்கள் நாள் குறிப்பார்கள். லாசா, ஷிகாட்சே பக்கம் பெரும்பாலும் ஆகஸ்ட்டில் வரும். கையில் நாலைந்து நாள் கூடுதலாக இருந்தால் நல்லது. லாசாவே 3,650 மீட்டர் உயரம். மூச்சு பழகவும் அந்த நாட்கள் உதவும்.

ஓங் என்றால் வயல், கோர் என்றால் சுற்றுவது. பௌத்தச் சுவடிகளை முதுகில் சுமந்து, பார்லிக் கதிர்களை ஏந்தி வயலை வலம் வருவார்கள். நீங்களும் சேர்ந்து நடக்கலாம், ஆனால் இடமாகச் சுற்றிவிடாதீர்கள்; கதிரையும் மிதிக்காதீர்கள். அறுவடை இனிமேல்தான்!

அப்புறம் குதிரைப் பந்தயம், வில்வித்தை, கூடவே சாங் என்கிற பார்லிக் கள். கிண்ணத்தை நீட்டினால் மடமடவென்று குடிக்கக் கூடாது. மோதிர விரலை நனைத்து மூன்று முறை மேலே தெளியுங்கள். ஒரு மிடறு குடித்ததும் மறுபடி நிரப்புவார்கள். இப்படி மூன்று தடவை. நான்காவதில் கிண்ணத்தையே காலி செய்ய வேண்டும். குடிப்பழக்கம் இல்லையென்றால் விரலால் தெளித்துவிட்டுச் சிரித்தபடி திருப்பிக் கொடுங்கள்.