"ஃபைல் அங்கேதானே இருக்கிறது?": ஆன்லைன் பாடத்தளம் அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், தன் முதுநிலைப் பாடத்துக்காக மூடில் என்ற ஆன்லைன் பாடத்தள மென்பொருளில் தயார் செய்த பக்கத்தைக் காட்டி, "ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார். பார்த்தேன். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்து வைத்த அதே சொதப்பல்கள், கிட்டத்தட்ட அதே வரிசையில். வேலை செய்யாத லிங்க், எழுத்துப்பிழை, கண்ணைப் பறிக்கும் நிறம் இதையெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை யார் கண்ணிலும் பட்டுவிடும், மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். முதுநிலையில் நிறையப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல், பாதித் தூக்கத்தில், போனைத் திறந்து, பத்து நாள் கழித்து தளத்துக்குள் வருவார்கள். எதை அழுத்துவது என்று கேட்க பக்கத்தில் ஆள் இருக்காது.

அப்லோடு வேறு, சப்மிட் வேறு

இதைப் பற்றி எழுத ஆரம்பித்தாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, பாதி என் மேலேயே.

மூடிலில் அசைன்மென்ட் உருவாக்கும்போது ஓர் அமைப்பு இருக்கும்: மாணவர் ஃபைலை ஏற்றியதோடு நிற்காமல், 'சமர்ப்பி' என்ற பொத்தானையும் தனியாக அழுத்த வேண்டுமா? சாதாரணமாக இது 'வேண்டாம்' என்றுதான் இருக்கும். நான்தான் 'ஆம்' ஆக்கினேன். கேட்பதற்குப் பொறுப்பான ஏற்பாடு மாதிரி இருந்தது, மாணவர்கள் யோசித்து அழுத்துவார்கள், தவறான ஃபைல் வராது என்று நினைத்தேன்.

அது ஆய்வு முன்மொழிவுக்கான அசைன்மென்ட். ஒரு மாணவி, ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், கெடுவுக்கு நான்கு நாள் முன்னாலேயே ஏற்றிவிட்டார். ஏற்றியதும் அவருடைய போன் திரையில் தெரிந்தது அவர் ஃபைலின் பெயர், அதன் பக்கத்தில் தேதி, நேரம். அவ்வளவுதான் தெரிந்தது. 'டிராஃப்ட் – சமர்ப்பிக்கப்படவில்லை' என்ற வரி மேலே உருட்டினால் வரும், 'சமர்ப்பி' பொத்தான் கீழே, 'திருத்து', 'நீக்கு' இவற்றுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும். இரண்டுமே அவர் கண்ணில் படவில்லை. எந்த மனிதரும் ஃபைல் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் நினைப்பார், அவரும் நினைத்தார்.

கெடு முடிந்தது. கதவை மூடும் தேதியையும், அதாவது அதற்குப் பிறகு தளம் எதையும் வாங்காது என்ற தேதியையும், நான் அதே நாளில் வைத்திருந்தேன். முன்மொழிவுகளைப் பார்க்கும் குழு பருவத்துக்கு ஒரு முறைதான் கூடும், பட்டியலில் அவர் பெயர் இல்லை. மறுநாள் அவரிடமிருந்து மெயில்: "ஃபைல் அங்கேதானே இருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லையா?" தெரிந்தது. என் திரையிலும் இருந்தது, திறந்து படிக்கவும் முடிந்தது. ஆனால் கணக்கில் இல்லை. அதற்கு நான் எழுதிய பதில்தான் இன்னும் உறுத்துகிறது: "அறிவுறுத்தலைப் படித்திருக்க வேண்டும்." ஒரு பருவம் போனது அவருக்கு. அடுத்த தடவை குழு கூடியபோதுதான் அவருடைய முன்மொழிவு மேசைக்கு வந்தது. பிறகு பட்டியலைத் துழாவினால் இன்னும் மூன்று பேர் அதே டிராஃப்டில் மாட்டிக் கிடந்தார்கள். நாலு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் கோளாறு படியில்தானே இருக்க வேண்டும்?

அந்த அமைப்பே கூடாது என்று சொல்லவில்லை. சமர்ப்பித்த பிறகு ஃபைலை மாற்றக் கூடாது, அதைத்தான் ஒப்புமைச் சோதனைக்கு (வேறு எங்கிருந்தாவது நகலெடுத்ததா என்று பார்க்க) அனுப்பப் போகிறோம் என்றால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அப்படி வைத்தே ஆக வேண்டுமென்றால், கெடுவுக்கு முந்தின நாள் மதிப்பீட்டுப் பட்டியலைத் திறந்து, டிராஃப்ட் நிலையில் இருப்பவர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை. கதவை மூடும் தேதியை ஓரிரண்டு நாள் தள்ளி வையுங்கள். யாராவது மாட்டிக்கொண்டால் தனி ஒருவருக்குக் கெடு நீட்டிக்கும் வசதியும் மூடிலிலேயே உண்டு, அன்றைக்கு எனக்கு அது தெரியாது. மற்ற எல்லா அசைன்மென்ட்டுக்கும் 'வேண்டாம்' என்றே விட்டுவிடுங்கள். அப்போது ஏற்றிச் சேமித்தாலே சமர்ப்பித்த கணக்கு, கெடுவுக்குள் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

ஆசிரியர் லாகினில் மட்டும் பார்ப்பது

"எனக்குச் சரியாகத்தானே தெரிகிறது" என்று சொல்பவரை நம்பாதீர்கள், அது நீங்களாகவே இருந்தாலும். மாணவர் பாத்திரத்துக்கு மாறிப் பார்க்கும் வசதி பக்கத்தை மேலோட்டமாகப் பார்க்கத்தான் போதும். ஃபைல் ஏற்றி, சமர்ப்பித்து, மதிப்பெண் வரும் வரை போய்ப் பார்க்க ஒரு சோதனை மாணவர் கணக்கு வேண்டும். அதையும் போனில் செய்து பாருங்கள்.

நள்ளிரவு 12:00

எந்த நாளின் நள்ளிரவு? 23:59 என்று வையுங்கள். அப்புறம், விளக்கப் பகுதியில் நேரத்தைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். தளத்தில் குறித்த கெடு, பார்ப்பவரின் நேர மண்டலத்துக்கு ஏற்ப மாறிக் காட்டும், நீங்கள் அடித்த வாக்கியம் மாறாது. வேறு நாட்டில் இருக்கும் மாணவர் ஒரே பக்கத்தில் இரண்டு கெடுவைப் பார்த்துவிட்டு, தனக்கு வசதியானதை நம்புவார்.

வீடியோவை ஆறு நிமிடமாக நறுக்குவது

2014-இல் பிலிப் குவோவும் மற்ற இருவரும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்வையாளர் தாக்குப்பிடிப்பது பெரும்பாலும் அதிகபட்சம் ஆறு நிமிடம்தான் என்று அதில் வந்தது. அன்றிலிருந்து 'ஆறு நிமிடம்' ஒரு மந்திரமாகிவிட்டது. அங்கே பார்த்தவர்கள் யாரும் வரலாம், யாரும் போகலாம் என்ற திறந்த வகுப்புக்காரர்கள். உங்கள் மாணவர் தேர்வுக்கு முந்தின நாள் ஒரு நிரூபணத்தின் ஏழாவது வரியைத் தேடி வருகிறவர். ஐம்பது நிமிட வகுப்பை ஒன்பது துண்டாக்கி 'பகுதி 1', 'பகுதி 2' என்று பெயர் வைத்தால், அவர் ஒன்பதையும் திறந்து பார்க்க வேண்டும். நானும் நறுக்கியிருக்கிறேன். வீடியோ நீளமாகவே இருக்கட்டும், எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்ற பட்டியலும், தேடக்கூடிய எழுத்து வடிவமும் கொடுங்கள்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்

அதற்குள் எழுத்து இல்லை, படம்தான் இருக்கிறது. தேட முடியாது, போனில் எழுத்து பெரிதாகி மடங்கி வராது, பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் வாய் திறக்காது. எழுத்துணரி மென்பொருளில் ஒரு முறை ஓட்டிவிட்டு ஏற்றுங்கள்.

பதக்கம், புள்ளி, தரவரிசை

தளத்தில் விளையாட்டு மாதிரி இதெல்லாம் வேண்டாம். முதுநிலை மாணவருக்குத் தன் ஆய்வு வழிகாட்டியின் கருத்து தளத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

கருத்துப் படிவம் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பது

ஒரு தளத்தைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று அளக்க, 1986-இல் ஜான் புரூக் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம் ஒன்றைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதிலிருந்து 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வரும், 68-ஐ ஒட்டி வந்தால் சராசரி என்பார்கள். சதவீதம் என்று தப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஒரு முறை எங்கள் தளத்துக்கு 74 வந்தது, மகிழ்ந்தோம். அந்த டிராஃப்ட் விவகாரம் நடந்தது அதே பருவத்தில்தான். தளம் எப்படி என்று அந்த எண் சொல்லும், எங்கே இடறுகிறது என்று சொல்லாது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஐந்து பேரைப் பார்த்தால் பெரும்பாலான கோளாறுகள் வெளியே வந்துவிடும் என்று, தளங்களைப் பயன்படுத்த எளிதாக்குவது பற்றி ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். அந்தக் கணக்கைப் பற்றி விவாதங்கள் உண்டு, ஆனால் யாரையுமே பார்க்காமல் இருப்பதற்கு ஐந்து எவ்வளவோ மேல். "இந்த ஃபைலை சமர்ப்பியுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். உதவி செய்யக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

பழைய பாடத்தை அப்படியே நகலெடுப்பது

போன வருடத் தேதிகள் கூடவே வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதைத் திருத்திவிடுவார்கள். தேதியோடு சேர்ந்து உள்ளே புதைந்த அமைப்புகளும் வரும். அந்தப் புதிய ஆசிரியரின் பக்கத்தில் நாலு அசைன்மென்ட்டிலும் சமர்ப்பிக்கும் பொத்தான் 'ஆம்' என்று இருந்தது. ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். "நான் எதுவும் வைக்கவில்லை, எல்லோரும் எடுக்கும் மாதிரிப் பாடத்திலிருந்துதான் எடுத்தேன்" என்றார். திறந்து பார்த்தால், அது நான் செய்த பழைய பாடம். அன்றைக்கு ராத்திரியே போய் மாற்றிவிட்டேன். அதற்குள் யார் யார் நகலெடுத்தார்கள் என்ற பட்டியலை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.